கேட்டைத் தாண்டியவர்

“அண்ணாச்சி, நாரை பார்த்தது போதும். ஷெட்டுக்குப் போவமா?”

விஜயஸ்ரீ கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். வழிகாட்டி கருத்தையா காதில் வாங்கினால்தானே?

“அவசரப்படாதிய தாயி. அந்தா, வாய்க்கால் மேட்டுல பாருங்க, நத்தைகுத்தி நாரை. அலகுக்கு நடுவுல இடைவெளி தெரியுதா?”

தெரிந்தது. வண்ணார்பேட்டை ஞாயிற்றுக்கிழமை நடைக்குழு மொத்தமும் ‘ஆகா’ என்றது. விஜயஸ்ரீக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் நாரை பார்க்கவா வந்தாள்? முக்கூடல் போகும் வழியில் மூடிக் கிடந்து, இப்போது பூங்காவாகிவிட்ட இந்தப் பஞ்சாலையில்தான் அவள் அப்பா சிவசண்முகம் வேலை பார்த்தார். வருகிற வாரம் அவருக்கு முதல் திதி. அவர் நின்று வேலை செய்த ஷெட்டின் வாசலில் ஒரு போட்டோ எடுத்து, பெரிதாக்கி, ஹாலில் மாட்ட வேண்டும். கருத்தையாவும் இருக்கும் குழு வாட்ஸ்அப்பில் அப்பா பெயரோடு நேற்றே சொல்லியிருந்தாள்.

கருத்தையாவோ புகைபோக்கிக்குக் கூட்டிப்போய்ச் செங்கல்லைத் தட்டிக் காட்டினார். ஆலைச் சங்கு ஊதிய கதையை இழுத்து இழுத்துச் சொன்னார். நீர்நாய் வரும் என்று எல்லோரையும் ஆற்றோரம் உட்கார வைத்தார். நீர்நாயும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நடுநடுவே ஷெட் பக்கம் ஒரு பார்வை, வானத்தை ஒரு பார்வை. நேற்று ராத்திரி பெய்த மழையின் மூட்டம் இன்னும் கலையவில்லை.

தானும் இங்கே வேலை பார்த்தவர் என்ற மிதப்பு வேறு அவருக்கு.

“பெரிய ஸ்டிரைக்ல நீங்களும் நின்னீங்களா அண்ணாச்சி?” வெடுக்கென்று கேட்டாள்.

“இல்ல தாயி. வீட்டுல அடுப்பு எரியல. பாதியிலயே வேலைக்குப் போயிட்டேன்.”

“அப்போ நீங்க கருங்காலியா?”

வாய் தவறி வரவில்லை. வேண்டுமென்றேதான் கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் நெளிந்தார்கள்.

“அப்படித்தான் ஏசுனாவ” என்றார் அவர்.

“எங்கப்பா கடைசி வரைக்கும் கேட்டைத் தாண்டல. அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளத்தாங்க. உங்க கூட வேற யாரெல்லாம் உள்ள போனாங்க?”

கருத்தையா குனிந்து செருப்பைப் பார்த்தார். “யாரும் வரல. நான் ஒருத்தன்தான்.”

பிளாஸ்கிலிருந்து ஊற்றி அவர் நீட்டிய டீயை விஜயஸ்ரீ தொடவில்லை. எழுந்துவிட்டாள்.

“நானே போய்ப் பாத்துக்கிடுதேன்.”

“தாயி, அங்கன தேன்கூடு இருக்கு! கொட்டிரும்!”

பொய் என்று குரலே சொன்னது. இந்த மனுசனுக்கு அப்பா மேல் என்ன பொறாமையோ. விறுவிறுவென்று நடந்தாள்.

ஷெட் வாசலில் தேன்கூடும் இல்லை, ஈயும் இல்லை. பச்சைச் சுண்ணாம்பு வாடைதான் மூக்கில் ஏறியது. கூரை நிழலில் இருந்த சுவரில் பழைய செங்காவி எழுத்து: ‘கருங்காலி ஒழிக’. அதன் கீழே, ‘கருத்தையா’.

பக்கத்திலேயே காலையில் அடித்த சுண்ணாம்புப் பட்டை ஒன்று. ஈரம் காயாததால், அடியில் இருந்த பெயர் மங்கலாக மேலே தெரிந்தது.

‘சிவசண்முகம்’.

அப்பாவா? அந்த அப்பாவா?

மூச்சு வாங்க ஓடிவந்து நின்றார் கருத்தையா. அவர் நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

“காஞ்சா மறைஞ்சிரும் தாயி. வெயில் வந்துரும்னுதான் நேரத்தைக் கடத்துனேன். அவர் ஒண்ணும் ஆசைப்பட்டு வரல. கைப்பிள்ளைக்கு, ஒனக்கு, பாலுக்கு வழியில்லைன்னுதான் வந்தாரு.”

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“உங்க பேரை ஏன் அழிக்கல?”

குழுவின் பேச்சுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கருத்தையா அவசரமாக அந்த ஈரப் பட்டையில் முதுகைச் சாய்த்து, பெயரை மறைத்து நின்றுகொண்டார்.

“எல்லாத்தையும் அழிச்சா, அடியில என்ன இருக்குன்னு நோண்டுவாவ. ஒரு பேரு கெடந்தா, அதை ஏசிட்டுப் போயிருவாவ தாயி.”