தலையணை உயரத்தில்

“ஏங்க, இது கத்துற கத்துல புள்ள நாளைக்கே பொறந்துடும் போலிருக்கே” என்று அந்த வீட்டு அம்மாள் லீலாவதி சிரித்தாள்.

குழந்தைவேல் ஏணிமேல் நின்று, சமையலறைக் கூரையில் முதல் அலாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அறுபது வயது முழங்கால் ஏணிக்கு ஒத்துழைக்கவில்லை.

புகைக்குக் கத்துவதை வாங்கினால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் ஊரைக் கூட்டிவிடும். அதனால் சூடு ஏறினால் மட்டும் கத்துவதாகப் பார்த்து வாங்கியிருந்தார். அதுவும் ஒப்புக்குத்தான். மீன்சுருட்டியிலிருந்து தா.பழூருக்கு இரண்டு பஸ் மாறி வந்தது பைக்குள் இருந்த இன்னொன்றுக்காக.

துபாயில் இருக்கும் அவள் மாப்பிள்ளை ராஜராஜன் அனுப்பியதாகச் சொல்லித்தான் உள்ளே வந்திருந்தார். ராஜராஜனுக்கு இது எதுவும் தெரியாது.

“பிரசவம் ஆனதும் பொண்ண எந்த ரூம்ல படுக்க வெப்பீங்க?”

லீலாவதி உள்ளறையைக் காட்டினாள்.

வெளியே கார்த்திகை அடைமழை. ஒற்றை ஜன்னலை அட்டை வைத்து அடைத்தாகிவிட்டது. மூலையில் ஒரு மூட்டை அடுப்புக்கரி, அதன்மேல் புதுக் கணப்புச் சட்டி. கட்டிலில் லீலாவதியின் மகள் தென்றல், நிறைமாத வயிற்றோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

குழந்தைவேல் ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

தலை எந்தப் பக்கம் வைப்பாய் தாயி என்று கேட்டார். தென்றல் காட்டினாள். தொட்டில் எங்கே தொங்கும் என்று கேட்டார். அதையும் காட்டினாள்.

சட்டிக்கு நேர் மேலே மாட்டக்கூடாது. ஜன்னல் பக்கமும் கூடாது. திரை மறைக்கக்கூடாது. தூங்குகிறவள் மூச்சு விடும் உயரத்தில் இருக்கவேண்டும். தலையணையிலிருந்து சாண் போட்டு அளந்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். தன் வீட்டில், இப்போது யாருமே படுக்காத ஓர் அறையில், ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பையிலிருந்த இரண்டாவது அலாரத்தை அந்தக் கோட்டில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். நான்கு முறை வீறிட்டது. தென்றல் பதறி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

லீலாவதியின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. “இது ஆவாதுங்க. பச்சக் கொழந்த பயந்து போயிடும். பேறு ஆகி ஒரு மாசம் இது பொட்டிக்குள்ளயே கெடக்கட்டும்.”

அந்த ஒரு மாதத்துக்குத்தானே இது என்றார் குழந்தைவேல். மூடின அறையில் கரி நெருப்பு ஆகாது என்றார். புகை அடங்கிய பிறகுதானே உள்ளே கொண்டுவருவோம், அதில் என்ன வந்துவிடும் என்று அவள் அவரையே திருப்பிக் கேட்டாள்.

பிறகு மகள் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினாள்.

“மாப்பிள்ளைக்கு இவ ரெண்டாந்தாரங்க. மூத்தவ புள்ள பெத்த பன்னெண்டாம் நாளு, இதே மாரி மழைல, குளுரு காத்து பட்டு ஜன்னி கண்டு போயிட்டா. புள்ளையும் கூடவே போயிடுச்சு. அவ அப்பாவே அப்புடித்தான் சொன்னாராம். அதான் ஊசி நுழைய எடமில்லாம அடைச்சு வெச்சிருக்கோம்.”

குழந்தைவேல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அப்பா அவர்தான். சொன்னதும் அவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஜன்னி இல்லை. மூடிய அறையில் கரி நெருப்பிலிருந்து கிளம்பிய நச்சுக்காற்று. அதற்கு வாசம் கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

வெளியே மலர்க்கொடி, அவர் மனைவி, தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் ஜன்னி என்றார். ஊருக்கும் அதையே சொன்னார், மருமகனுக்கும் அதையே. பெற்றவள் பிழைத்துக் கிடக்க அந்த ஒரு பொய் வேண்டியிருந்தது. அந்தப் பொய்தான் இப்போது தா.பழூருக்கு வந்து இந்த ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறது.

அந்தக் காற்று கிளம்பினால் கத்தும் இந்த அலாரத்தை மாட்டிவிட்டு வாய் திறக்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பி வந்தார். வாய் திறந்தால் பொழுது சாய்வதற்குள் செய்தி மீன்சுருட்டிக்குப் போய்விடும். மலர்க்கொடி காதில் விழும். அவள் உயிரை வைத்திருக்கமாட்டாள்.

“உதைக்குதும்மா” என்று தென்றல் சிரித்தாள்.

அவர் மகள் ஆர்த்தியும் இப்படித்தான் சிரித்தாள், இதே மாதத்தில், இதே போன்ற ஒரு கட்டிலில்.

குழந்தைவேல் எழுந்து போய் ஜன்னலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். சாரல் உள்ளே அடித்தது.

“ஜன்னி இல்லீங்க. அந்தப் பொண்ணப் பெத்தவன் நான்தான். கரி மூட்டி உள்ள வெச்சது நான். கதவிடுக்குல சீலையச் சொருகினதும் நான். ரெண்டு உசுரையும் நான்தான் கொன்னேன். எம் பொஞ்சாதி அன்னிக்கு அந்தப் பக்கமே வரல.”

லீலாவதி மூட்டைமேல் இருந்த கணப்புச் சட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு கரி மூட்டையை இழுத்துக்கொண்டுபோய் மழையில் போட்டாள். இனி அந்த அலாரத்தை யாரும் கழற்றமாட்டார்கள்.

குழந்தைவேல் ஏணியை மடக்கினார். சீலையைச் சொருகியது அவர்தான், அது உண்மை. கரியை மூட்டி, ஊதி, புகை அடங்கும்வரை வாசலில் பொறுமையாகக் காத்திருந்து, மகளுக்குக் குளிரக்கூடாதே என்று சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தவள் மலர்க்கொடி.