கலர் கார்டும் கைராசியும்

புது கலர் கார்டு போட்ட நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் சண்டி மாடாகப் படுத்துக்கொண்டது.

சக்கரபாணி, காந்தி வீதி கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி. கலர் ஸ்கிரீன் என்றாலே பாண்டி வாயைப் பிளந்த எண்பத்தெட்டாம் வருஷம். "இது சயின்ஸ், மூடநம்பிக்கையைச் செருப்போட வெளியவே விட்டுட்டு வாங்க" என்று முதல் வகுப்பிலேயே முழங்குகிற ஆள்.

கார்டோடு வந்த டிரைவர் பிளாப்பியை அவர் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்த்தார். கார்டையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் புரோகிராம் அது. ஏறும்போது சமர்த்தாக ஏறும். கலர் வந்ததும் ஸ்கிரீனெல்லாம் கோடு விழுந்து அப்படியே நின்றுவிடும்.

சயின்ஸ் கைவிட்டதும் அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கார்டு போட்டதும் அதில் முதலில் உட்கார்ந்தவள் செல்வாம்பாள். பாடம் சொல்லித் தருகிறவள். மில்லில் வேலை பார்த்த புருஷன் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். இவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

தனியே கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. உன் கைராசி அப்படி. இந்த மாசத்தோட நின்னுக்க."

ஏன் எதற்கென்று அவள் கேட்கவில்லை. சரிங்க சார் என்று போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் மெட்ராஸிலிருந்து மெக்கானிக் கோவிந்தராசு வந்தான். பசங்களும் செல்வாம்பாளும் சுற்றி நின்றார்கள். மகளைச் சேர்க்க வந்த கன்னியப்பனும் எட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஊர் வாயில் சொல்தா.

கோவிந்தராசு கார்டைப் பிடுங்கித் திருப்பினான். ஸ்லாட்டில் செருகும் விளிம்பில் வரிசையாகத் தங்கப் பற்கள். அதன்மேல் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம்.

"டிரைவர் மேல பழியே இல்ல. இந்தப் பல்லு ஒட்டலைன்னா எந்த டிரைவர் போட்டாலும் படுத்துக்கும். யாருங்க இங்க பொட்டு வெச்சது?"

வெள்ளிக்கிழமை வீட்டுப் பூஜையில், தங்கமாட்டம் மின்னுதே என்று பார்த்துப் பார்த்து வைத்தது சக்கரபாணியின் கைதான். சொன்னால் பசங்கள் சிரிப்பார்கள். சொல்தா வீதி பூராவும் பரப்பிவிடுவார். மானம் கப்பலேறிவிடும்.

"நான்தாங்க வெச்சேன்" என்றாள் செல்வாம்பாள். "புதுச் சாமானாச்சேன்னு, தெரியாம செஞ்சுட்டேன்."

பசங்கள் சிரித்தார்கள். கோவிந்தராசு சிரிக்கவில்லை. வெறுமையான அவள் நெற்றியைப் பார்த்தான். பிறகு சக்கரபாணியின் நெற்றியைப் பார்த்தான். அங்கே சந்தனம், நடுவில் குங்குமம். ரப்பரை எடுத்துக் கார்டைத் தேய்க்க ஆரம்பித்தான். சிரிப்பும் ஒவ்வொருவராக அடங்கிப்போயிற்று.

கலர் வந்தது. நிற்காமல் ஓடியது.

எல்லாரும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் சக்கரபாணி கூனிக்குறுகி அவள் பக்கம் போனார். ஏம்மா இப்படிச் சொன்னே என்று முணுமுணுத்தார்.

"நான் எப்படியும் போறவதானே சார். பழியும் என்னோடயே போயிடட்டும்னுதான்."