ஞாயிறு அரைவை

காவலர் இந்த ஞாயிறும் கோதுமைப் பையோடு வந்துவிட்டார்.

மாவு மில்காரர் பையை வாங்கித் தராசில் வைத்தார். சில வாரங்களாகவே இப்படித்தான். அதுவும் மிகச் சரியாக மாடியில் பாட்டுத் தொடங்குகிற வேளைக்கு வந்து நிற்கிறார்.

"என்ன சார், போன வாரம் அரைச்சது அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?"

"வீட்ல எல்லாரும் நல்ல சாப்பாட்டுக்காரங்கப்பா. நீ அரை," என்றவர் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

மில்காரரின் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தது ஒரு கம்பவுண்டரின் குடும்பம். தேவாலயங்களுக்கெல்லாம் அரசு பூட்டுப் போட்டுவிட்டது. வீட்டில் கூடி ஜெபித்தாலும் சிறைதான். விசாரணைக்கென்று அழைத்துச் சென்ற போதகரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஆயினும் கம்பவுண்டர் வீட்டில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடினார்கள்.

மில்காரர் அந்த மதத்தவர் அல்லர். தம் சாமியைக் கும்பிடுவதிலேயே கொஞ்சம் சோம்பேறி. பயந்துபோய் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்ல வந்த கம்பவுண்டரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க பாட்டுக்குப் பாடுங்க. நான் பாட்டுக்கு அரைக்கிறேன்."

அன்றுமுதல் விடுமுறை நாளிலும் மில் ஓடியது. அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் தெருவுக்குக் கேட்காது.

கோதுமையைக் கொட்டிச் சுவிட்சைப் போட்டார். கல் உறுமியது. காவலரின் பார்வை மேலே கூரைப் பலகையில் போய் நின்றது.

பாதிப் பை அரைபட்டிருக்கும். மின்சாரம் நின்றது.

பெல்ட் தளர்ந்தது. கல்லின் உறுமல் முனகலாகித் தேய்ந்தது. இன்னும் இரண்டு மூச்சில் மேலே பாடுகிற அத்தனை குரலும் தெருவில் கொட்டிவிடும்.

மில்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்தான் ஓடியது. கம்பவுண்டரின் மனைவி துணி உலர்த்தும்போதெல்லாம் முணுமுணுக்கிற அவர்கள் பாட்டை, தொண்டை கிழியப் பாடினார். யார் காதில் விழுந்தாலும் குரல் தம்முடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சரணம் முடிந்தது. அதற்குமேல் அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் கவனித்தார். மேலே மூச்சுச் சத்தம்கூட இல்லை. கல் நின்ற கணமே அவர்களும் நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை நேரம் பாடியது அவர் ஒருவரே.

காவலர் அவரையே பார்த்தார். "எங்கேய்யா கத்துக்கிட்டே இதை?"

பதில் கொஞ்சம் பிசகினாலும் அடுத்த கேள்வி மாடிப்படி ஏறிவிடும்.

"நம்ம பாட்டுதான் சார்," என்றார். "யாரும் சொல்லிக் குடுக்கலை."

காவலர் வாசலுக்குப் போய்த் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு ஷட்டரைத் தரைவரை இழுத்து இறக்கினார். உள்ளே இருட்டாயிற்று. முதல் அடி எங்கே விழுமோ என்று மில்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

தொப்பியைக் கழற்றி மாவுத் தொட்டியின்மேல் வைக்கும் ஓசை கேட்டது.

பின்னர், மிகத் தாழ்ந்த குரலில், காவலர் இரண்டாம் சரணத்தைத் தொடங்கினார்.