தறி நின்ற மத்தியானம்

இருதய ஆபரேஷன் முடிந்து வேலூரிலிருந்து வந்த மனோரமா அக்காவுக்கு வலியிலும் தெருவின் தறிச் சத்தத்திலும் தூக்கமே இல்லை. அதிர்ச்சி தரும் எதையும் அவள் காதில் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கணவர் எல்லைப் போராட்டக் கூட்டத்துக்காகத் திருத்தணி போயிருந்தார். அங்கே அடிதடி என்று வந்த பேச்சை நான் மறைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மாளிடம் போய், மத்தியானம் மட்டும் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"தறி நின்னா எங்க வூட்ல இன்னாத்த துன்றது? நைட் ஸ்கூல் போறவனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றாள்.

தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் தையல் இழுக்கிறதென்று அக்கா முனகினாள். அவளை மெதுவாக இறக்கித் தரையில் பாயில் படுக்கவைத்தேன். செய்தது சரிதானா என்று தெரியவில்லை. ஆனால் உடனே தூங்கிவிட்டாள். வாசலில் எட்டிப் பார்த்த கங்கம்மாள் விறுவிறுவென்று திரும்பிப் போனாள்.

சற்று நேரத்தில் எங்கள் நகரித் தெருவின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. என் பேச்சும் எடுபட்டதே என்று மகிழ்ந்தேன்.

அந்த அமைதியில் அக்கா விழித்துக்கொண்டாள்.

"யாருடா பூட்டாங்க?"

"யாருமில்லக்கா."

"சாவு வுழாம இந்தத் தெருவுல தறி நிக்குமா? திருத்தணில எதுனா ஆயிடுச்சா? உங்க மாமாவா?"

மார்பைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்தது.

வாசலுக்கு ஓடினேன். தெருவே மாலையோடு நின்றிருந்தது.

"கட்டில்லேர்ந்து கீழ எறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு," என்று கங்கம்மாள் அழுதாள். "எப்படா உயிரு போச்சு?"

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். "மறைக்காம சொல்றா. யாரு?"

"நீதான்க்கா," என்றேன்.