54-க்கு ஏழு கோடு

“டேய் டுவேன், அந்தப் பொம்பளை மறுபடியும் எழுதுறாடா!”

மெர்ல் கத்தியதை டுவேன் காதில் வாங்கவே இல்லை. அவன் கண் மைதானத்தில் இருந்தது. அங்கே 54-ஆம் நம்பர் சட்டையில் அவன் மகன் கிரேடி, பந்தோடு ஓடி வந்த ஒருவனை முட்டி மல்லாத்தியிருந்தான்.

“ஏழு! இன்னிக்கு மட்டும் ஏழு டேக்கிள்!” என்று டுவேன் என் முதுகில் ஓங்கி அறைந்தான். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

குதிக்க மாட்டோமா? சீசன் தொடங்க இன்னும் இரண்டே வாரம். எங்கள் ஊர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் கடைசி ஒத்திகை. முடிந்ததும் நடு லைன்பேக்கர் யார் என்று கோச் அறிவிப்பார். பந்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை மறித்துக் கவிழ்க்கிற, அதாவது டேக்கிள் செய்கிற, வேலை அது. எங்கள் ஊரில் மேயர் பெயர் தெரியாதவன் உண்டு, நடு லைன்பேக்கர் பெயர் தெரியாதவன் கிடையாது.

போட்டியில் இருவர். கிரேடியும், நாற்பதாம் நம்பர் டாரியஸும்.

“டாரியஸும் லேசுப்பட்ட ஆள் இல்லைடா. பந்து எந்தப் பக்கம் வரும்னு முன்னாடியே மோப்பம் பிடிச்சிடுறான்” என்றேன்.

“மோப்பம் பிடிச்சு என்ன பண்றது? முட்டுறதுக்கு தைரியம் வேணும்ல?” என்றான் டுவேன். “என் பையன் ஆறு வயசுலேர்ந்து இந்த ஒரு இடத்துக்காகத்தான் ஓடுறான். இன்னிக்கு அது மட்டும் கிடைக்கலைன்னா எனக்கு ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது.”

“முதல்ல அந்தப் பொம்பளையைப் பாருங்கடா!” மெர்ல் விடுவதாக இல்லை. “பந்து எங்க போகுதுன்னே பார்க்கலை. லைன்பேக்கர் பசங்களை மட்டும் பைனாகுலர்ல பார்க்கிறா, குறிக்கிறா. வெளியில அவ வண்டியைப் பார்த்தேன். நம்பரே காட்டிக் குடுக்குது. நார்த் ஃபோர்க் மாவட்டம்!”

அவ்வளவுதான். எங்கள் முதல் ஆட்டமே நார்த் ஃபோர்க்கோடுதான். போன வருடம் எங்கள் கோச் காட்டிய சைகைகளை எல்லாம் அவர்கள் ஆள் வைத்துத் திருடினார்கள் என்பது எங்கள் ஊர் முடிவெட்டும் கடையில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட விஷயம். ஆதாரமெல்லாம் யாரும் கேட்கவில்லை.

மூவரும் படியிறங்கிப் போய் அவளைச் சூழ்ந்துகொண்டோம். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து வரிசைக்காரர்களும் சோளப்பொரியோடு கூடிவிட்டார்கள்.

“ஏம்மா, நார்த் ஃபோர்க்கா நீ?”

“ஆமாங்க. பேரு லோர்னா.”

“பார்த்தியா, வாயாலேயே ஒத்துக்கிறா!” மெர்ல் நோட்டைப் பிடுங்கி டுவேனிடம் கொடுத்தான்.

பக்கம் முழுக்க நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சில் கோடுகள். 40-க்கு ஒன்று. 33-க்கு இரண்டு. 54-க்கு ஏழு.

டுவேனுக்குக் கோபத்தையும் மீறிப் பெருமை பொங்கியது. “எதிரிகூட என் பையனைத்தான்டா எண்ணுறா! ஏழு டேக்கிளும் சரியா இருக்கு!”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “நீங்களா அவன் அப்பா?”

“ஆமா. ஏன்?”

“நோட்டைக் குடுத்துடுங்க. நீங்க படிக்க வேணாம்.”

“அதெப்படி? திருடினதைக் கண்டுபிடிச்சதும் வேணாமா?”

“நான் டேக்கிளை எண்ணலைங்க” என்றாள் அவள் மெதுவாக. “தலையில அடி விழுந்ததை எண்ணினேன்.”

சோளப்பொரி மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன.

“என் பையனும் லைன்பேக்கர்தான். நாலு வருஷம் ஆடினான். அவன் முட்டுறப்போ ஊரே கத்துச்சு, நானும் கத்தினேன். எத்தனை தடவைன்னு யாரும் எண்ணலை. இப்போ அவனுக்கு இருபத்தேழு. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடுறேன்.” அவள் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “அதான், சனிக்கிழமையானா ஏதாவது ஒரு மைதானத்துக்கு வந்துடுறேன். ஆட்டம் முடிஞ்சதும் தாளைக் கிழிச்சு அந்த அணி டாக்டர்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன்.”

“ஆனா நாங்க உங்களுக்கு எதிரியாச்சே?” மெர்ல் குரலை இறக்கிக் கேட்டான். “முதல் ஆட்டமே நம்ம ரெண்டு பேருக்கும்தானே?”

“தெரியும். அன்னிக்கும் வருவேன். ரெண்டு பக்கமும் எண்ணுவேன்.”

அப்போதுதான் ஒத்திகை முடிந்து ஒலிபெருக்கி அலறியது. “இந்த வருஷம் நம்ம நடு லைன்பேக்கர்... நம்பர் ஐம்பத்து நாலு! கிரேடி ஹ்ருஸ்கா!”

பேண்டு முழங்கியது. முன்பின் தெரியாதவர்கள்கூட டுவேனைத் தோளோடு அணைத்துக் குலுக்கினார்கள். அவன் அசையவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான்.

பிறகு கேட்டான். “இதை நானே டாக்டர்கிட்ட குடுக்கட்டுமா?”

லோர்னா தலையாட்டினாள்.

அவன் தாளைக் கிழித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினான். கோச்சைக் கட்டிப்பிடிக்கத்தான் போகிறான் என்று கூட்டம் ஆரவாரத்தோடு வழிவிட்டது. கோச்சும் கையை நீட்டினார். டுவேன் அவரைத் தாண்டிப் போய் டாக்டரிடம் தாளைக் கொடுத்தான். அதைப் படித்த டாக்டர், கிரேடியைக் கைத்தாங்கலாக பெஞ்சில் உட்கார வைத்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இவனுக்கு என்ன பைத்தியமாடா?” மெர்ல் தவித்தான். “கைக்கு வந்த இடத்தை அவனே தூக்கி டாரியஸுக்குக் குடுக்கிறானே! அந்தத் தாள்ல அப்படி என்னதான்டா எழுதியிருந்துச்சு?”

டுவேனின் தோளுக்கு மேலாக நானும் அதைப் படித்திருந்தேன்.

‘54: ஏழாவது அடிக்குப் பிறகு எழுந்தவன், தன் பக்கம் எது என்று தெரியாமல் எதிரணி ஆட்களோடு போய் நின்றுகொண்டான். பார்த்துப் பதற ஒருவரும் இல்லை. பையனின் வீட்டிலிருந்து இன்று யாரும் வரவில்லை போலிருக்கிறது.’