பதினைந்து நிமிஷ அமைதி

கூண்டு காலியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா அதற்குள் தலையை விடாத குறை.

"கூண்டு காலிங்கறது தெரியுது தம்பி. பாத்ரூம்ல ஒளிச்சு வெச்சிருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. போன மாதம் இரண்டு தடவை பொய் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தடவை நிஜம். காலை ஒன்பது மணிக்குப் பறவை டாக்டர் வந்து மாப்பிள்ளையைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய்விட்டார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை என்பது எங்கள் காக்கட்டூ கிளி. வெள்ளை உடம்பு, மஞ்சள் கொண்டை. நினைத்தது நடக்கும்வரை முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதால் என் மனைவி வைத்த பெயர்.

இரண்டு வருஷம். கதவு நிலையைக் கொறித்தது. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டு கசாப்புக் கடைக் கோழி மாதிரி நின்றது. என் ஆள்காட்டி விரலில் இருக்கும் மூன்று தையல் அதன் உபயம்.

அதெல்லாம்கூடப் போகட்டும். கத்தல்தான்.

நான் வீட்டிலேயே பல் செட் செய்கிறவன். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை நிறுத்தும்போது மூச்சுகூட விடக் கூடாது. அந்த நேரம் பார்த்துத் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு கத்தல் வரும். முகம் தெரியாத யாருக்கோ பல் கோணிப்போகும்.

எழுந்து ஓடுவேன். ஒரு பாதாமைக் கொடுத்து, கொண்டையைத் தடவி, கையோடு பக்கத்து அறையில் அப்பாவையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

பறவை டாக்டர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கத்தினா ஆள் வரும்னு அதுக்குப் பாடம் எடுக்கறதே நீங்கதான் சார்."

அவர் சொன்ன வைத்தியம் சுலபம். கத்தினால் போகக் கூடாது. பதினைந்து நிமிஷம் சேர்ந்தாற்போல அமைதியாக இருந்தால்தான் போக வேண்டும். நடுவில் கத்தினால் மறுபடி முதலிலிருந்து.

அன்றைக்கே ஒரு டைமர் வாங்கினேன். பாட்டரி தனியாக வாங்க வேண்டுமாம். ஹாலில் கைக்கு எட்டிய எதிலிருந்தோ ஒன்றைக் கழற்றிப் போட்டேன்.

சத்தம் அப்பாவைப் படுத்தக் கூடாதென்று அவர் அறைக் கதவையும் சாத்திவைத்தோம். இடுப்பு எலும்பு முறிந்து நான்கு மாதமாகப் படுக்கை. வேளைக்குச் சோறும் மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. குறை சொல்கிற ஆள் இல்லை அவர்.

மூன்று வாரம் ஓடியது.

முதலில் கத்தல் கூடும், பிறகு அடங்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கூடியது. அடங்குகிற வழியாக இல்லை.

பத்து நிமிஷம். பன்னிரண்டு. பதினான்கு. கரை சேருகிற நேரத்தில் ஒரு கத்தல். டைமரை மறுபடி அழுத்துவேன். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். என் சொந்தப் பல்லை.

ஒரு நாள், கத்தல் முடிந்த மறு நொடி, கூண்டு இருந்த அறைக் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டு, ஒற்றைக்காலில், ஒன்றுமே தெரியாதது போலத் தூக்கம். என்ன ஒரு நடிப்பு. என்ன ஒரு நெஞ்சழுத்தம்.

மேல் மாடியில் வீட்டுக்கார அம்மாவின் பேத்திக்குப் பகல் தூக்கம் போயிற்று. "கிளியா, நீங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு வெளிய போகணும்" என்று சொல்லிவிட்டார். இடுப்பு உடைந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் வீடு தேடுவது? கிளியை அனுப்பினோம். என் மனைவி இன்று மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பும்போது கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

பாத்ரூமைக் காட்டினேன். சமையலறையைக் காட்டினேன். பரணில் இருந்த அட்டைப் பெட்டியைக்கூட இறக்கிக் காட்டினேன்.

"சரி, இருங்க தம்பி." வீட்டுக்கார அம்மா ஒரு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "உடம்பு முடியாத பெரியவரை வெளிய அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா?"

அப்போது அந்தக் கத்தல் வந்தது.

தகரம் கிழிந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கூண்டைப் பார்த்தார். நானும் கூண்டைப் பார்த்தேன்.

பழக்க தோஷம், என் கை சட்டைப் பையிலிருந்து டைமரை எடுத்து அழுத்தியிருந்தது.

"அந்த ரூம்ல என்ன வெச்சிருக்கீங்க?"

போய்க் கதவைத் திறந்தேன்.

அப்பா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். கழுத்து நரம்பு இன்னும் இறங்கவில்லை. இடுப்புக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தது. எனக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மா நிற்பதைப் பார்த்ததும் போர்வையை அவசரமாக இழுத்துக்கொண்டார்.

அவர் தலைமாட்டில் அழைப்பு மணியின் பொத்தான் தொங்கியது. அதை அழுத்தினால் ஒலிக்கும் பாட்டரி மணி ஹாலில் இருக்கிறது. என் நாற்காலிக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில்.

"மணி அடிக்கலடா," என்றார், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில். "தொந்தரவா இருக்குன்னு நீங்களே நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

என் கையில் டைமர் ஓடிக்கொண்டிருந்தது.