மூன்று பிள்ளை வீடு

சும்மா அருவி பார்க்கத்தான் போகிறோம் என்று முத்துப்பேச்சி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, குடும்பத்தோடு அருவி பார்க்கக் கிளம்புகிறவர்கள் யார்? அருவி நடந்துபோகிற தூரத்தில்தான் இருந்தது. அதனாலேயே அதை யாரும் போய்ப் பார்த்ததில்லை.

சின்னவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு புருஷன் நல்லமுத்து ஓட்டமும் நடையுமாக முன்னால் போனான். மூத்தவள் பூமாரி ஒருத்திதான் உண்மையிலேயே அருவி பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் டாக்டர் ஜீப் வந்துவிடும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் நேற்றே மேசை போட்டு, வெள்ளைத் துணி கட்டி மறைத்தாயிற்று. மூன்று பிள்ளையும் அதற்கு மேலும் உள்ள வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் வந்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு. எமர்ஜென்சி நேரம். ஏன், எதற்கு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

செய்துகொண்டவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி உண்டு. பக்கத்து எஸ்டேட்டில் ஒருவன் வாளியும் கையுமாக வீட்டுக்கு வந்தபோது கொழுந்தியாள்கள் சிரித்த சிரிப்பில், பாவம், அவன் வெளியே தலைகாட்டவே பல நாள் ஆயிற்றாம்.

நல்லமுத்துவுக்கு அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பயம்.

முத்துப்பேச்சியின் பயம் வேறு. அவளுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். ஆணோ பெண்ணோ, மடியில் கனமாக ஒன்று வேண்டும். இதை ஆபீஸில் போய்ச் சொல்ல முடியுமா? மூன்று பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் ஆசையைப் பார் என்பார்கள்.

நேற்று சாயங்காலம் கங்காணி செல்லத்துரை வாசலில் வந்து நின்றார். மூன்று பிள்ளை வீடு, நல்லமுத்து காலையில் வந்துவிட வேண்டும் என்று தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பாதி வழியில் ஜீப் சத்தம் கேட்டது.

நாலு பேரும் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். செடி இடுப்பளவுதான். நல்லமுத்து குந்தி உட்கார்ந்தும், தோளில் இருந்த சின்னவளின் தலை செடிக்கு மேலே தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே ஜீப்புக்கு டாட்டா காட்டினாள்.

உள்ளே இருந்த யாரோ பதிலுக்குக் கையாட்டினார்கள். ஜீப் நிற்காமல் கீழே போய்விட்டது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்டா பாரு இவ!" என்று நல்லமுத்து பல்லைக் கடித்தான். முத்துப்பேச்சி காலில் ஏறியிருந்த அட்டையைக்கூடப் பிடுங்கிப் போடாமல் எழுந்து நடந்தாள்.

அருவிக்கரையில், பெரிய பாறைக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது.

அந்த லயத்தில் கறுப்புக் குடை வைத்திருந்தவர் ஒருவர்தான். கங்காணி. முன்கூட்டியே வந்து வழிமறித்து உட்கார்ந்திருக்கிறாரே மனுஷன்!

நல்லமுத்து திரும்பி ஓடப் பார்த்தான். அதற்குள் குடைக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் நாலு பிள்ளைகளோடு கங்காணியின் சம்சாரம், கையில் சோற்றுச் சட்டியோடு எழுந்து நின்றாள்.

கங்காணி மெல்லத் தலையை நீட்டினார். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டியவர், எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்திருந்தார்.

"இந்த மாசம் தண்ணி நல்லா விழுதுல்ல" என்றார், அருவியைப் பார்த்துக்கொண்டு.

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கங்காணியின் சம்சாரமும் சேர்ந்துகொண்டாள். நல்லமுத்து சிரித்துச் சிரித்துச் சின்னவளைத் தோளிலிருந்து இறக்கவே மறந்துபோனான். அப்பாடா என்று இருந்தது முத்துப்பேச்சிக்கு. தப்பித்தாயிற்று. நாளைக்கு அந்த ஜீப் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடும்.

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிக் கும்மாளம் போட்டார்கள். ஆண்கள் இருவரும், கங்காணியின் சம்சாரம் சட்டியில் கொண்டுவந்த கப்பைக்கிழங்கையும் காந்தாரி மிளகாய்ச் சட்னியையும் நடுவில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

கை கழுவப் போன கங்காணி, திரும்பி வந்து முத்துப்பேச்சியின் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மறுபடி வருவானுக தாயி. உன் வீட்டுல புள்ளை ரெண்டுதான்னு ஆபீஸ்ல சொல்லிருவோமா? அப்புறம் உன் புருஷனை எவனும் கூப்பிட மாட்டான். ஒரு பங்கு அரிசி நின்னு போகும், அம்புட்டுத்தான்."

முத்துப்பேச்சி தண்ணீரில் ஆடிய பூமாரியையும் சின்னவளையும் பார்த்தாள்.

நடுப்பிள்ளை மாசாணம் போன ஆடி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அன்றைக்கு அவனை இடுகாட்டுக்குக் கையில் ஏந்திக்கொண்டு போனவர் இந்தக் கங்காணிதான். ஊருக்கெல்லாம் தெரியும். ஆபீஸுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு இவ்வளவு என்று எஸ்டேட் கொடுக்கும் அரிசியில் அவன் பங்கும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அரிசிக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று அவள் புருஷனிடம் சொல்லியிருந்தாள். தன்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அரிசி போடுகிற நாளில் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். மாசாணம் என்று கூப்பிடும்போது, இருக்கான் என்று அவள் சத்தமாகச் சொல்வாள். அப்படிச் சொல்ல மாதத்தில் அவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

"சொல்லிருங்கண்ணே" என்றாள்.

சொன்ன பிறகுதான் அழுதாள். அருவிச் சத்தத்தில் வாய்விட்டே அழுதாள். அழுது ஓய்ந்தபோது அவளுக்கு நன்றாகப் பசித்தது.